கடல் விலகிய இடத்தில் ஓர் ஊர்: போர்த்மாடோக் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரை வாசகர் ஒருவர்: வடமேற்கு வேல்ஸின் சிலேட்டுக்கல் நிலப்பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செய்தியைப் படித்தபோது போர்த்மாடோக் என்ற துறைமுகத்தின் பெயர் கண்ணில் பட்டது. அது எவ்வளவு பழமையான ஊர்?

வேல்ஸில் கோட்டைகளும் மடாலயங்களும் கொண்ட கடற்கரை ஊர்கள் பல உண்டு. அவற்றுக்கு ஏழெட்டு நூற்றாண்டு வரலாறு இருக்கும். போர்த்மாடோக்குக்கு அத்தகைய பழமை இல்லை. இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்கு முன்பு, இன்று அதன் கடைத்தெரு இருக்கும் பகுதி கடல் வந்து போகும் மணல்வெளியின் ஓரமாகவே இருந்தது. எரரி மலைத்தொடரிலிருந்து இறங்கும் கிளாஸ்லின் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ட்ரைத் மவுர் என்றழைக்கப்பட்ட பெரிய கழிமுகம் இருந்தது. உயர் ஓதத்தின்போது கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே சென்று அபர்கிளாஸ்லின் மலையிடுக்கின் அருகுவரை தொட்டது. நீர் வடிந்த நேரத்தில் அந்த மணலைக் கடந்து மறுகரைக்குச் செல்ல விரும்பிய பயணிகள் உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்வது வழக்கம், ஏனெனில் ஆற்றின் ஓட்டம் அடிக்கடி இடம் மாறியது, புதைமணலும் இருந்தது. இன்று அங்கே சுமார் 4,000 பேர் வாழும் ஊர் இருக்கிறது, உள்ளே மாடுகள் மேயும் புல்வெளி இருக்கிறது. இரண்டையும் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள ஒரு கல்லணை. ஊரார் அதைக் காப் என்று அழைக்கிறார்கள்.

திருநெல்வேலி வாசகர்: அந்த அணையைக் கட்டியது அரசா, தனி மனிதரா? கடலைத் தடுத்து என்ன பெற நினைத்தார்கள்?

தனி மனிதர்தான். வில்லியம் அலெக்சாண்டர் மாடக்ஸ் 1773இல் பிறந்தவர். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள பாஸ்டன் நகரத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 1802இலிருந்து 1820 வரை இருந்தார். நாடகமும் விருந்தும் நண்பர் கூட்டமும் விரும்பிய மனிதர், கையிலிருந்த பணத்தைவிட மனத்திலிருந்த திட்டங்கள் எப்போதும் பெரியவை. 1798இல் கழிமுகத்தின் மேற்குக் கரையில் டான்-இர்-ஆல்ட் என்ற பண்ணையை வாங்கினார். 1800இல் ஒரு சிறிய அணை கட்டிச் சுமார் 1,000 ஏக்கர் சதுப்பு நிலத்தைக் கடலிடமிருந்து மீட்டார். அதில் விளைச்சலும் கண்டார். முதல் முயற்சி வெற்றி பெற்றதால் கழிமுகம் முழுவதையுமே அடைத்துவிடலாம் என்ற துணிவு வந்தது.

அவருடைய நோக்கம் இரண்டு. ஒன்று, மேலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் விளைநிலம். மற்றொன்று, அணையின் மீதே சாலை அமைத்து, இலண்டனிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் அஞ்சல் வண்டிகளையும் பயணிகளையும் இந்த வழியாகத் திருப்புவது. 1801இல் பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபின் அந்தப் பாதைக்குப் பெரும் முக்கியத்துவம் ஏற்பட்டிருந்தது. 1807இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்று, அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கினார். இரு கரைகளிலும் பாறையை வெட்டி, தண்டவாளத்தில் ஓடிய சிறு வண்டிகளில் கொண்டுவந்து கொட்டினார்கள். கிழக்குக் கரையில் பாறை வெட்டிய இடத்துக்குத் தம் தொகுதியின் பெயரால் பாஸ்டன் லாட்ஜ் என்று பெயரிட்டார். இரு முனைகளும் நெருங்க நெருங்க, நடுவிலிருந்த இடைவெளியில் ஓதநீர் பாய்ந்த வேகமும் கூடியது, கொட்டிய கல்லை நீரே அடித்துச் சென்றது. கட்டுமானச் செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டிவிட்டது.

1811 ஜூலையில் இடைவெளி மூடப்பட்டது. செப்டம்பரில் முழுக் காளையை நெருப்பில் வாட்டி ஊருக்கெல்லாம் விருந்து வைத்து, வேல்ஸ் மரபுப்படி எய்ஸ்டெத்வோட் எனப்படும் கவிதை, இசைப் போட்டிகளும் நடத்திக் கொண்டாடினார்கள். அடுத்த பிப்ரவரியில் வீசிய புயலில் உயர் ஓதம் அணையை உடைத்துவிட்டது. மாடக்ஸிடம் அப்போது பணமில்லை, கடன்காரர்கள்தாம் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்து நிலக்கிழார்களும் உழவர்களும் ஆட்களையும் குதிரைகளையும் அனுப்பி உதவினார்கள். அவருடைய முகவரான ஜான் வில்லியம்ஸ் களத்தில் நின்று வேலையை நடத்தினார். 1814இல்தான் உடைப்பு முற்றிலும் சரிசெய்யப்பட்டது. இந்த அணையின் பெருமையில் பாதியாவது அதிகம் பேசப்படாத அந்த முகவருக்கு உரியது என்பது என் கருத்து. கனவு கண்டவர் பெரும்பாலும் இலண்டனில் இருந்தார். சேற்றில் நின்றவர் இவர்.

கோயம்புத்தூர் வாசகர்: வரைபடத்தில் போர்த்மாடோக்கை ஒட்டியே ட்ரெமாடோக் என்ற இன்னோர் ஊரும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இரண்டும் வேறு; ஆனால் இரண்டுக்கும் தந்தை ஒருவரே. மாடக்ஸ் திட்டமிட்டுக் கட்டிய ஊர் ட்ரெமாடோக். 1800இல் மீட்ட நிலத்தின் ஓரத்தில், செங்குத்தான பாறையின் அடிவாரத்தில், அகன்ற சதுக்கமும் சந்தை மண்டபமும் விடுதியும் தேவாலயமும் அமைத்து அதை உருவாக்கினார். டப்ளின் பயணிகள் இங்கே தங்கிச் செல்வார்கள் என்ற நம்பிக்கையில் தெருக்களுக்கு இலண்டன் தெரு, டப்ளின் தெரு என்று பெயர் வைத்தார். இங்கிருந்து மேற்கே போர்த்தின்லைன் என்ற விரிகுடாவுக்குச் சாலை போகும், அங்கிருந்து அயர்லாந்துக்குக் கப்பல் ஏறலாம் என்பது கணக்கு. ஆனால் நாடாளுமன்றம் ஆங்கிள்சீ தீவிலுள்ள ஹோலிஹெட் துறைமுகத்தையே தேர்ந்தெடுத்தது; போர்த்தின்லைன் ஒரே வாக்கில் தோற்றது என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ஆகவே ட்ரெமாடோக் கட்டி முடித்த அளவிலேயே நின்றுவிட்டது. இன்று போனாலும் சதுக்கத்தைச் சுற்றிச் சில தெருக்கள், அதற்கப்பால் வயலும் பாறையும்தான். அரேபியாவின் லாரன்ஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் 1888 ஆகஸ்டில் இந்த ஊரில்தான் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது.

போர்த்மாடோக்கை ஒரு நகரமாக யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. அணை கட்டியபோது கிளாஸ்லின் ஆற்றை அதன் மேற்கு முனைக்குத் திருப்பி, மதகுகள் வழியாகக் கடலுக்குள் விட்டார்கள். கழிமுகம் முழுவதும் பரந்து திரிந்த நீர் இப்போது ஒரே வாயில் வழியாக வேகமாக வெளியேறியதால், அடியிலிருந்த மணலை அரித்து ஆழமான வாய்க்கால் ஒன்றைத் தோண்டிவிட்டது. நல்ல காற்று மறைவும் கிடைத்ததால் கப்பல்கள் அங்கே நங்கூரமிடத் தொடங்கின. அதைக் கண்ட மாடக்ஸ் 1821இல் துறைமுகம் அமைக்க இன்னொரு சட்டம் பெற்றார், 1820களின் நடுவில் படகுத்துறைகள் எழுந்தன. துறைமுகத்தின் வளர்ச்சியைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. இத்தாலியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1828இல் பாரிஸில் இறந்து, அங்குள்ள பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சென்னை வாசகி: கவிஞர் ஷெல்லியை இந்த ஊரில் யாரோ துப்பாக்கியால் சுட்டதாகக் கல்லூரியில் கேட்ட நினைவு. உண்மையா?

சுட்டார்களா என்பதே இன்றுவரை வழக்காடப்படும் செய்தி. 1812இல், இருபது வயதில், இளம் மனைவி ஹாரியட்டுடன் ஷெல்லி ட்ரெமாடோக்குக்கு வந்தார். மாடக்ஸின் டான்-இர்-ஆல்ட் வீட்டில் குடியிருந்தார். உடைந்த அணையைச் சீரமைக்க நிதி திரட்டும் வேலையில் மிகுந்த ஊக்கத்தோடு ஈடுபட்டார். ஆனால் அவருடைய அரசியல் கருத்துகள் அங்கிருந்த செல்வர்களுக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாகக் கல்குவாரி நடத்திய ராபர்ட் லீசன் என்பவரோடு பகை மூண்டது. கடைக்காரர்களிடம் கடனும் சேர்ந்தது. 1813 பிப்ரவரி 26ஆம் நாள் இரவு வீட்டுக்குள் ஒருவன் புகுந்து தம்மைச் சுட்டதாக ஷெல்லி கூறினார், உடனே குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறினார். பகைவர்கள் மிரட்ட ஏற்பாடு செய்தது என்றும், நோயுற்ற ஆடுகளை அவர் சுட்டுக்கொன்றதால் சினமுற்ற மேய்ப்பர்களின் வேலை என்றும், கடனிலிருந்து தப்ப அவரே புனைந்தது என்றும் மூன்று விளக்கங்கள் உண்டு. அணைக்கு நிதி கேட்டவர் கடைக்காரர்களுக்குக் கடன் வைத்துவிட்டுப் போனார் என்பது மட்டும் ஐயமற்றது.

சேலம் வாசகர்: அவ்வளவு சிறிய ஊருக்குத் துறைமுகம் எதற்கு? எதை ஏற்றுமதி செய்தார்கள்?

சிலேட்டுக்கல். நம்மவர்களுக்குச் சிலேட்டு என்றால் பள்ளிப் பலகை நினைவுக்கு வரும். வேல்ஸிலோ அது முதன்மையாகக் கூரைக்கல். மெல்லிய தகடுகளாகப் பிளக்கக்கூடிய அந்தக் கல் போர்த்மாடோக்கிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் மலைமேல் இருக்கும் பிளைனை ஃபெஸ்டினியோக் பகுதியில் ஏராளமாகக் கிடைத்தது. தொழிற்புரட்சிக் காலத்து நகரங்கள் வீடுகளாலும் ஆலைகளாலும் நிறைந்துகொண்டிருந்ததால் கூரைக்கல்லுக்குத் தேவை பெருகியது.

தொடக்கத்தில் கல்லைக் குதிரை முதுகிலும் வண்டியிலும் டுவிரிட் ஆற்றங்கரைக்கு இறக்கி, சிறு படகுகளில் போர்த்மாடோக் கொண்டுவந்து, கப்பலில் மாற்றினார்கள். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் கல் உடைந்தது, செலவு கூடியது. இதற்குத் தீர்வாக 1832இல் சட்டம் பெற்று 1836இல் திறக்கப்பட்டதுதான் ஃபெஸ்டினியோக் ரயில்பாதை. தண்டவாளங்களுக்கிடையே 60 சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தக் குறுகிய பாதையின் சிறப்பு அதன் சரிவில் இருக்கிறது. சுமார் 210 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை, எங்கும் நில்லாமல், ஒரே சீராக இறங்கும்படி மலையை வளைத்து வளைத்துப் பாதையை அமைத்தார்கள். 1842இல் மோயல்வின் மலையில் சுரங்கவழி திறந்தபின் இந்த ஏற்பாடு முழுமை பெற்றது. கல் ஏற்றிய வண்டிகள் இயந்திரமும் குதிரையும் இன்றித் தாமே உருண்டு கடற்கரைக்கு வந்தன. வண்டிகளின் மேல் நின்ற ஆட்கள் தடையை அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். வெற்று வண்டிகளை மேலே இழுத்துச் செல்ல வேண்டிய குதிரைகளும் அதே தொடரின் தனிப்பெட்டியில் ஏறி, வைக்கோல் தின்றபடி மலையிறங்கின. உழைப்பாளிக்குத் திரும்பும் பயணத்தை இலவசமாக்கிய நிறுவனங்கள் அந்த நூற்றாண்டில் அதிகமில்லை.

1863இல் நீராவி இயந்திரங்கள் வந்தன. அதுவரை அவ்வளவு குறுகிய பாதையில் நீராவி இயந்திரம் ஓட முடியாது என்பதே பல பொறியாளர்களின் கருத்து. 1865இலிருந்து பயணிகளும் முறைப்படி ஏற்றப்பட்டார்கள். பாதை கடலை அடையும் கடைசி மைல் எது என்று எண்ணுகிறீர்கள்? மாடக்ஸின் அணைதான். டப்ளின் அஞ்சலுக்காகக் கட்டிய கரையின் மேல் சிலேட்டுக்கல் வண்டிகள் ஓடின. 1873இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல் பயணங்களில் 1,16,000 டன்னுக்கும் அதிகமான கல் இத்துறைமுகத்திலிருந்து வெளியேறியது.

குன்னூர் வாசகர்: இந்தியாவின் மலை ரயில்களுக்கும் அந்தப் பாதைக்கும் தொடர்பு உண்டா?

டார்ஜிலிங் ரயிலுக்கு உண்டு. 1870இல் பாஸ்டன் லாட்ஜ் அருகே ராபர்ட் ஃபேர்லி வடிவமைத்த இருதலை நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது ரஷ்யா உள்ளிட்ட பல நாடுகளின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். மலைநாட்டில் குறைந்த செலவில் குறுகிய பாதை அமைக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் உலகெங்கும் பரவியது. 1881இல் முடிவடைந்த டார்ஜிலிங் இமாலய ரயில் அந்த முன்மாதிரியைப் பின்பற்றிய 610 மில்லிமீட்டர் பாதை. உங்கள் ஊர் வழியாகச் செல்லும் நீலகிரி ரயில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் பற்சக்கரத்தின் துணையோடு ஏறுவது. அதன் மரபு வேறு.

நாகப்பட்டினம் வாசகர்: துறைமுகம் என்கிறீர்கள், ஆனால் கப்பல்களைப் பற்றியும் மாலுமிகளைப் பற்றியும் சொல்லவில்லையே?

சொல்ல வேண்டிய பகுதியே அதுதான். போர்த்மாடோக் கப்பல்களை வரவேற்றதோடு நில்லாமல் தானே கட்டியது. துறைமுகக் கரையிலும் அருகிலுள்ள போர்த்-இ-கெஸ்ட் என்ற சிறு வளைகுடாவிலும் இருநூறுக்கும் மேற்பட்ட பாய்க்கப்பல்கள் உருவாயின. பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பங்குகளைக் கப்பல் தலைவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், குவாரித் தொழிலாளர்கள், கைம்பெண்கள், தேவாலயப் போதகர்கள் எனச் சாதாரண மக்களே ஒன்றும் இரண்டுமாக வாங்கினார்கள். ஆகவே தொலைவில் ஒரு கப்பல் மூழ்கினால் ஒரே தெருவில் பல வீடுகள் ஒருசேர இழப்புக்குள்ளாயின. அந்த இடரைப் பகிர்ந்துகொள்ள ஊராரே பரஸ்பரக் கப்பல் காப்பீட்டுச் சங்கமும் நடத்தினார்கள்.

1842இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் பெருந்தீயில் அழிந்தபோது, மீண்டும் கட்டிய வீடுகளின் கூரைக்கு வேல்ஸ் சிலேட்டு தேவைப்பட்டது. அதிலிருந்து வட ஜெர்மனி நிலையான சந்தையானது. கல்லை அங்கே இறக்கிய கப்பல்கள் ஸ்பெயினின் காடிஸுக்குச் சென்று உப்பு ஏற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளில் இறக்கி, அங்கே உப்பிட்ட காட் மீனை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு விரைந்தன. இந்தச் சுற்றுக்காகவே 1890களிலிருந்து போர்த்மாடோக்கில் கட்டிய மூன்று பாய்மரங்கள் கொண்ட ஸ்கூனர் கப்பல்களை, அவற்றின் வேகத்தையும் ஒடிசலான அழகையும் கண்டு, மேற்குக் கடலின் உல்லாசப் படகுகள் என்று மாலுமிகள் அழைத்தார்கள். அவ்வரிசையில் கடைசிக் கப்பலான கெஸ்டியானா 1913இல் கட்டப்பட்டு முதல் பயணத்திலேயே அழிந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய உலகப் போர் ஜெர்மன் சந்தையை மூடிவிட்டது.

அக்காலத்தின் சான்று ஒன்று இன்றும் துறைமுகத்துக்கு எதிரே நீரில் நிற்கிறது. சரக்கின்றித் திரும்பிய கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்க அடித்தட்டில் கல்லும் மண்ணும் பாரமாக ஏற்றி வருவார்கள். கூரைக்கல் ஏற்றுவதற்குமுன் அந்தப் பாரத்தை ஓரிடத்தில் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டிக் கொட்டியே கெய் பலாஸ்ட் என்ற சிறு தீவு உருவாயிற்று. பல நாட்டுப் பாறைகளும் அங்கே கலந்து கிடக்கின்றன.

புதுச்சேரி வாசகி: அங்குள்ளவர்கள் ஆங்கிலமா பேசுகிறார்கள்?

ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊராருள் பெரும்பான்மையோரின் அன்றாட மொழி வேல்ஷ்தான். கடை வாசலிலும் பள்ளியிலும் அதைக் கேட்கலாம். போர்ட்மடாக் என்ற ஆங்கில எழுத்துமுறை நீங்கி, 1974இலிருந்து போர்த்மாடோக் என்ற வேல்ஷ் வடிவமே அதிகாரபூர்வமானது. எய்ஃபியோன் வின் என்ற புனைபெயரில் எழுதிய எலிசியஸ் வில்லியம்ஸ் 1867இல் இங்கே பிறந்தவர். சிலேட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தபடியே வேல்ஷ் மொழியின் சிறந்த இசைப்பாடல் கவிஞர்களுள் ஒருவரானார். இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வருபவர்களும் இங்கேயே இரண்டாம் வீடு வாங்குபவர்களும் பெருகியதால் வீட்டு விலை ஏறி உள்ளூர் இளைஞர்கள் வெளியேற நேர்வது, அந்த மொழி நாளை என்னவாகும் என்ற கவலையோடு நேரடியாகப் பிணைந்த சிக்கல்.

தஞ்சாவூர் வாசகர்: கடலைத் தடுத்ததால் இழப்பே இல்லையா? உழவன் என்ற முறையில் கேட்கிறேன்.

இழப்பு உண்டு. கழிமுகத்தின் உட்கரைகளில் இருந்த சிறு படகுத்துறைகள் ஒரே நாளில் உள்நாட்டு ஊர்களாயின. மலைகளின் நிழல் நீரில் விழும் அக்காட்சி அழிந்ததை எண்ணி, அணை கட்டும் காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் தாமஸ் லவ் பீக்காக் தம் நாவல் ஒன்றில் வருந்தினார். மீட்ட நிலமும் மாடக்ஸ் நினைத்த அளவுக்குக் கோதுமை வயலாகவில்லை. பெரும்பகுதி ஈரமான மேய்ச்சல் நிலம்தான், மதகுகள் ஒழுங்காக இயங்கும்வரையே அது நிலம். ஆனாலும் நன்மை பயந்தது ஒன்று: 2004இலிருந்து விராலடிப்பான் என்னும் மீன்பிடிக் கழுகுகள் கிளாஸ்லின் பள்ளத்தாக்கில் கூடு கட்டி வருகின்றன.

ஈரோடு வாசகர்: அந்தப் பழைய ரயில் இப்போதும் ஓடுகிறதா? போனால் எதைப் பார்க்கலாம்?

ஓடுகிறது, ஆனால் இடையில் செத்துப் பிழைத்தது. 1946இல் போக்குவரத்து நின்றபோது, சட்டத்தால் உருவான பாதையைச் சட்டமின்றிக் கலைக்க முடியாது என்ற காரணத்தால் தண்டவாளங்கள் பெயர்க்கப்படாமல் புதரில் கிடந்தன. 1954இல் ஆலன் பெக்லர் என்பவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார், தன்னார்வலர்கள் திரண்டார்கள், அடுத்த ஆண்டே அணையின் மேல் ரயில் ஓடியது. மேல் பகுதியை நீர்மின் நிலையத்தின் நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிட்டதால், துவாஸ்ட் என்ற இடத்தில் பாதை தன்னைத்தானே சுற்றி உயரும்படி புதிய வழியைப் பெரும்பாலும் கைக்கருவிகளால் தன்னார்வலர்களே வெட்டினார்கள். 1982இல் ரயில் மீண்டும் பிளைனை ஃபெஸ்டினியோக்கை அடைந்தது. 2011இலிருந்து கேர்நார்வனிலிருந்து வரும் 25 மைல் வெல்ஷ் ஹைலேண்ட் ரயிலும் ஊர்த் தெருவைக் கடந்து போர்த்மாடோக்கிலுள்ள அதே நிலையத்துக்கு வருகிறது.

அணையின் மேல் செல்லும் வாகனங்களுக்கு 5 பென்ஸ் சுங்கம் 2003 வரை வாங்கினார்கள், இப்போது இல்லை. 2011இல் புறவழிச்சாலை வந்தபின் அணைச் சாலையில் நெரிசலும் குறைந்துவிட்டது. நேரமிருந்தால் அணைமேல் நடந்து செல்லுங்கள்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புல்வெளி, அதற்கப்பால் கினிக்ட் சிகரமும் வானம் தெளிந்தால் ஆங்கிலத்தில் ஸ்னோடன் எனப்படும் 1,085 மீட்டர் உயரமுள்ள இர் வித்வாவும் தெரியும். துறையில் எஞ்சியிருக்கும் பழைய சிலேட்டுக் கிடங்கில் கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ரயில்கள் மிகக் குறைவு, ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் போவது நல்லது. மழைக்கோட்டு எந்த மாதமானாலும் வேண்டும்.